சுண்ணாம்பு தடவாத பானை

சிலர் அஞ்சல்தலை சேர்ப்பார்கள். சிலர் பழைய நாணயம் சேர்ப்பார்கள். ஜெர்மனியின் பாம்பெர்க் நகரில் வாழும் என் கல்லூரி நண்பன் ஊர்ப் பியர் சேர்ப்பவன். உலகமெங்கும் கிடைக்கும் புட்டிகளை அவன் திரும்பியும் பார்ப்பதில்லை. ஓர் ஊரில் மட்டும் வடித்து, அந்த ஊரார் மட்டும் குடித்து, அடுத்த மாவட்டத்துக்குப் போனால் பெயர்கூடத் தெரியாத பியர் எதுவோ அதுதான் அவனுக்கு வேண்டும். பயணம் போகும் நண்பர்களிடம் பட்டியல் கொடுத்தனுப்புவான். கைம்மாறாக அவனும் தருவான். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் பாம்பெர்க்கின் புகைப் பியர் இரண்டு புட்டி எனக்கு உறுதி. முளைகட்டிய வாற்கோதுமையை பீச் மரப் புகையில் உலர்த்தி வடிக்கும் சரக்கு அது. முதல் மிடறில் கருவாடு சுட்ட அடுப்படி நினைவுக்கு வரும். மூன்றாவது மிடறில் ஓர் ஊரே பிடிபடும்.

இப்படிப் பல ஆண்டுகள் பெற்றுக்கொண்டே இருந்தவனிடம் ஒருநாள் அவன் கேட்டான். "எல்லா ஊர்ச் சரக்கும் பார்த்தாயிற்று. உன் ஊர்ப் பியர் ஒன்று வாங்கி வையேன்."

என் ஊர் என்பது திருப்பெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடைப்பட்டது. கேட்டது நியாயம். வாங்கி வைக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அதன்பின் நான் பட்ட பாட்டையும், அந்தப் பாட்டினால் எனக்கு உண்டான சினத்தையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் மதுக்கடைக்குப் போனேன். மாலை ஆறு மணி. பணிமுடிந்த சீருடைகள் கம்பிவலைக்கு முன்னால் நெருக்கிக்கொண்டு நின்றன. என் முறை வந்தபோது, "நம்ம ஊர்லயே வடிச்ச பியர் எதாவது இருக்கா?" என்று கேட்டேன். கம்பிக்குப் பின்னால் இருந்தவர் என்னைக் கனிவோடு பார்த்தார். "கூலிங் வேணுமா, வேணாமா? அத மட்டும் சொல்லுங்க சார்."

அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த அலமாரியில் இருந்த புட்டிகளுக்கு இடையே கேட்கத்தக்க வேறுபாடு அது ஒன்றுதான். வண்ணச் சீட்டுகள் வேறு, பெயர்கள் வேறு. உள்ளே இருப்பது ஒரே குலத்துச் சரக்கு. குளிரூட்டிக் கொடுத்தால் போதை தெரியும், சுவை தெரியாது. நாடு முழுவதும் அறிந்த கிங்ஃபிஷரையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் உரிமை நிறுவனமான யுனைடெட் புரூவரீஸில் 2021 முதல் பெரும்பான்மைப் பங்கு நெதர்லாந்தின் ஹைனெக்கனுக்கு உரியது. அதை வாங்கி ஐரோப்பாவில் இருப்பவனுக்கு அனுப்புவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதற்கு ஒப்பாகும்.

அடுத்து, ஒரகடத்துக்குத் தெற்கே ஒரு சிற்றூரில் பனையேறி ஒருவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டுத் தேடிப் போனேன். எழுபது வயதுக்கு மேற்பட்டவர். மரம் ஏறுவதை விட்டு ஆண்டுகள் பல ஆகிவிட்டன. ஏரிக்கரையில் எஞ்சியிருந்த பனைகளைக் கண்ணால் எண்ணிக் காட்டினார். நான் வந்த காரியத்தைச் சொன்னதும் சிரித்தார்.

"தம்பி, பானைக்குள்ள சுண்ணாம்பு தடவிக் கட்னா பதநி. தடவலேன்னா கேஸு. அம்புட்டுதான் வித்தியாசம்."

இவ்வளவு சுருக்கமாகத் தமிழ்நாட்டு மதுவிலக்குச் சட்டத்தை எந்த வழக்கறிஞரும் எனக்கு விளக்கியதில்லை. ஒரே மரம், ஒரே பாளை, ஒரே சாறு. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு பூசினால் சாறு புளிக்காது, அது பதநீர். பூசாவிட்டால் காற்றில் இருக்கும் நுண்ணுயிர் சில மணி நேரத்தில் சர்க்கரையைச் சாராயச் சத்தாக மாற்றிவிடும், அது கள். மனிதர் செய்ய வேண்டியது ஏதுமில்லை. இயற்கையைத் தடுக்காமல் விடுவதே இங்கே குற்றம். அதே நேரத்தில், கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்து காய்ச்சி எடுத்த எரிசாராயத்தில் நிறமும் மணமும் சேர்த்து, நூற்றுக்கு 42.8 பங்கு சாராயச் சத்தோடு புட்டியில் அடைத்து அரசே விற்றால் அது வருவாய்.

*

கள்ளைப் பியர் என்று சொல்லலாமா என்று சிலர் கேட்கலாம். முறையான கேள்வி. பியர் என்பது தானியத்தை முளைக்கவைத்து நொதிக்கவிட்டு எடுப்பது. பனஞ்சாறு அந்த வகையில் சேராது. அப்படியானால் தானியத்தால் ஆன தமிழ்ப் பியர் ஒன்று இருந்ததா?

இருந்தது. அதன் செய்முறை நம்மிடம் எழுத்தில் இருக்கிறது. அது எந்த மண்ணின் செய்முறை என்பதுதான் எனக்கு வியப்பளித்தது.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை பத்துப்பாட்டில் ஒன்று, 500 அடி. பாட்டுடைத் தலைவன் காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன். பரிசில் பெற்ற பாணன் ஒருவன், பெறப்போகும் பாணனுக்கு வழி சொல்கிறான். வழிநெடுக எந்த நிலத்தில் யார் இருப்பார்கள், என்ன கொடுப்பார்கள் என்று சொல்லிக்கொண்டே போகிறான். வலைஞர் குடியிருப்பு வந்ததும், நின்று நிதானமாக ஒரு செய்முறையைத் தருகிறான். குற்றாத அரிசியைக் களியாகத் துழாவிக் கூழாக்க வேண்டும். அகன்ற வாயுடைய தட்டில் ஊற்றி ஆறவிட வேண்டும். அதில் நல்லடையைக் கலக்க வேண்டும். வலிய வாயுடைய சாடியில் இட்டு இரண்டு பகலும் இரண்டு இரவும் கழிய விட வேண்டும். பச்சை வாடை நீங்கி விளைந்தபின் வெந்நீர் சேர்த்து விரலால் அலைத்துப் பிழிந்து வடிக்க வேண்டும். சுட்ட மீனோடு பருகத் தருவார்கள்.

நல்லடை என்பதற்கு நெல்முளையால் செய்த அடை என்று பொருள் சொல்கிறார்கள். அதாவது முளைத் தானியம். புலவர் அதன் தோற்றத்துக்கு ஓர் உவமையும் தருகிறார்: பாம்பு குடியிருக்கும் புற்றினுள் காணப்படும் குரும்பி போல அதன் மேற்புறம் பூத்திருக்குமாம். கறையான் புற்றை உடைத்துப் பார்த்தவர்களுக்கு அந்த வெளிறிய, துளைபட்ட பொருள் தெரியும். நம் வீடுகளில் இன்றும் பழைய பண்டத்தின்மேல் பூசணம் "பூத்தது" என்றுதான் சொல்கிறோம். இது என் வாசிப்பு மட்டுமே. ஆனால் அந்த அடை வெறும் முளைமாவு அன்று, பூசணம் படியவிட்டுப் பக்குவப்படுத்திய நொதி அடை என்றே எனக்குத் தோன்றுகிறது. கொரியாவிலும் ஜார்க்கண்டிலும் இன்று பயன்படுத்துகிறார்களே, அதே வகை.

ஆக, எழுத்தில் கிடைக்கும் மிகப் பழைய தமிழ்ப் பியர்ச் செய்முறைகளுள் ஒன்று, காஞ்சி மன்னனைப் பாடிய நூலில், இந்தத் தொண்டை மண்டலத்தில், என் வீட்டிலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரத் தொலைவில் இருந்த தலைநகருக்குச் செல்லும் வழியில் வைத்துப் பாடப்பட்டிருக்கிறது. பாணனுக்கு அது வழியில் தானாகக் கிடைத்தது. எனக்கு அது எங்கும் கிடைக்கவில்லை.

*

இந்த வெறுமை எங்கு இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 1996இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கால்கோள் இட்டது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை திறந்தது. 2012இல் டைம்லரின் சரக்குந்து ஆலை. இவற்றைச் சுற்றி நூற்றுக்கணக்கில் உதிரிபாகத் தொழிற்கூடங்கள். கொரிய எழுத்தில் பெயர்ப்பலகை மாட்டிய உணவகங்களை இந்தச் சாலையில் இன்று எவரும் நின்று பார்ப்பதில்லை, அவ்வளவு பழகிவிட்டன. கொரியர், ஜப்பானியர், ஜெர்மானியர், ஜார்க்கண்ட், ஒடிசா, அசாம் என்று இங்கு வந்து உழைக்கும் ஒவ்வொருவரின் ஊரிலும் ஊர்க்குடி ஒன்று உண்டு. அந்த ஊர்களின் அரசுகளும் ஒரு காலத்தில் அதைத் தடுத்திருக்கின்றன. பிறகு என்ன செய்தன என்பதே நமக்குப் பாடம்.

கொரியாவின் மக்கொல்லி அரிசியும் நுருக் என்னும் நொதி அடையும் சேர்த்துச் சில நாளில் விளைவது; பாலைப்போல் வெளுத்தது. ஜப்பானியக் குடியேற்ற ஆட்சி வரிச்சட்டங்களின் வழியே அதை வீடுகளிலிருந்து விரட்டியது. விடுதலைக்குப் பின் 1965இல், அரிசிப் பற்றாக்குறையைக் காட்டி, அரிசியில் மது வடிக்கவே கொரிய அரசு தடைபோட்டது. கோதுமை மாவில் செய்த மக்கொல்லியைக் குடித்து ஒரு தலைமுறை வளர்ந்தது. தடையின் காரணம் தீர்ந்ததும் தடையையும் தீர்த்தார்கள்: 1990இல் அரிசி அனுமதிக்கப்பட்டது, 1995இல் வீட்டில் தன் பயனுக்கு வடிப்பது சட்டப்படியானது, 2021இல் மக்கொல்லி வடிக்கும் கலை நாட்டின் மரபுச் செல்வமாக அறிவிக்கப்பட்டது. குற்றம் மரபுச் செல்வமாக மாற அவர்களுக்குத் தேவைப்பட்டது ஐம்பத்தாறு ஆண்டுகள்.

ஜப்பான் 1899இல் வீட்டு மதுவைத் தடைசெய்தது. காரணம் ஒழுக்கமன்று, மதுவரி அக்காலத்தில் அரசின் தலையாய வருவாய்களுள் ஒன்று. பியர் வடிக்க உரிமம் வேண்டுமென்றால் ஆண்டுக்கு 2,000 கிலோலிட்டர் வடித்தாக வேண்டும் என்பது நெடுநாள் விதி. அதாவது பெருமுதலாளிகளுக்கு மட்டும். 1994இல் அதை 60 கிலோலிட்டராகக் குறைத்தார்கள். ஒரே ஒரு எண்ணை மாற்றியதில் நாடெங்கும் ஊர்ப் பியர்கள் முளைத்தன. அதன்பின் 2003 முதல், குறிப்பிட்ட வட்டாரங்களில் உழவர்கள் தம் அரிசியில் தொபுரோக்கு என்னும் கலங்கல் மது வடித்து விருந்தினர்க்குக் கொடுக்க வழிவிட்டார்கள்.

நம் நாட்டிலேயே பாருங்கள். கோவாவின் முந்திரி ஃபெனி 2009இல் புவிசார் குறியீடு பெற்றது. அசாமின் திமாசா மக்கள் வடிக்கும் ஜூடிமா என்ற அரிசி மது 2021இல் பெற்றது. ஒரகடம் தேநீர்க்கடையில் ஜார்க்கண்ட் இளைஞர் ஒருவரிடம் பேச்சுக்கொடுத்தபோது, ஹண்டியா என்ற சொல்லைக் கேட்டதுமே அவர் முகம் மாறிவிட்டது. வெந்த சோற்றில் ரானு என்னும் வேர் உருண்டைகளைப் பொடித்துக் கலந்து அவருடைய தாய் வடிப்பாராம். அறுவடைக்கும் திருமணத்துக்கும் அது இல்லாமல் முடியாதாம். "உங்கள் ஊரில் அம்மாக்கள் என்ன வடிப்பார்கள்?" என்று திருப்பிக் கேட்டார். வடகம் வைக்கக் கஞ்சி வடிப்பார்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

*

நமக்கு இது எப்படி நேர்ந்தது? 1886இல் வந்த சென்னை ஆப்காரிச் சட்டத்தின் காலத்திலிருந்தே மரத்துக்கு மரம் வரி போட்டு, கள்ளை வெள்ளையர் அரசு கறந்தது. அதை எதிர்த்த தேசிய இயக்கம் கள்ளுக்கடை மறியலில் இறங்கியது. 1921இல் ஈரோட்டில் பெரியார் நடத்திய மறியலும், தம் தோப்புத் தென்னைகளை அவர் வெட்டிச் சாய்த்ததும் நாம் பள்ளியிலேயே கேட்ட கதைகள். 1937இல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948இல் அது சென்னை மாகாணம் முழுதும் பரவியது. 1971இல் கருணாநிதி அரசு விலக்கை ஒத்திவைத்தது, மீண்டும் மூடியது. 1981இல் எம்.ஜி.ஆர். அரசு திறந்தது. 1983இல் தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம், அதாவது டாஸ்மாக், மொத்த விற்பனைக்காகத் தோற்றுவிக்கப்பட்டது. 1987 ஜனவரி முதல் நாளில் கள்ளும் சாராயமும் தடைசெய்யப்பட்டன. 2003 நவம்பரில் சில்லறைக் கடைகளும் டாஸ்மாக்கிடமே வந்தன.

இந்த ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். மதுவிலக்கு என்ற பெயரில் தொடங்கிய பயணத்தின் முடிவில் விலக்கப்பட்டது மது அன்று. மதுவிலிருந்த ஊர் மட்டுமே விலக்கப்பட்டது. பனையேறி போனார், பானை போனது, பருவம் போனது, செய்தவரின் பெயர் போனது. போதை மட்டும் நின்றது. 2023இல் 500 கடைகளை மூடிய பின்னும் நாலாயிரத்து எண்ணூறுக்கு மேற்பட்ட கடைகள் இருந்தன. 2024-25இல் அவற்றின் வழியே அரசுக்கு வந்த வருவாய் 48 ஆயிரம் கோடி ரூபாயைத் தாண்டியது. அரசியலமைப்பின் 47ஆம் பிரிவு மதுவை விலக்க முயலுமாறு அரசுக்குச் சொல்கிறது. அந்தப் பிரிவை நாம் நிறைவேற்றியது பனைமரத்தின் மேல் மட்டும்தான்.

பனை நம் மாநில மரம் என்பதையும் நினைவில் வையுங்கள். மரத்துக்கு மரியாதை, அதன் சாற்றுக்குச் சிறை.

*

இதற்கு மறுப்புகள் வரும் என்று அறிவேன். அவை எளிய மறுப்புகள் அல்ல. ஆகையால் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, குடியால் அழிந்த வீடுகள். இதன் முன் நான் தலைகுனிகிறேன். மதுக்கடையை அகற்றக் கோரிய போராட்டத்தில் 2015 ஜூலையில் உயிர்நீத்த காந்தியர் சசிபெருமாளை நினைக்கும்போது, சுவை பற்றியும் மரபு பற்றியும் பேச நாணமாகவே இருக்கிறது. சம்பள நாளன்று எங்கள் சாலையோரத்தில் விழுந்து கிடப்பவர்களையும், அவர்களைத் தேடி வரும் பெண்களையும் நான் பார்க்காதவன் அல்லன். ஆனால் அந்தப் பெண்கள் எந்தக் கடையிலிருந்து தம் கணவரைத் தூக்கிச் செல்கிறார்கள்? கள்ளுக்கடையிலிருந்து அன்று, அது 1987லேயே போய்விட்டது. முழு விலக்கு வேண்டும் என்று அவர்கள் கேட்டால் அது ஒரு நேர்மையான நிலைப்பாடு; அதை எதிர்த்து ஒரு சொல்லும் சொல்லமாட்டேன். நான் எதிர்ப்பது நூற்றுக்கு நான்கைந்து பங்கு சாராயச் சத்துள்ள கள்ளைத் தடுத்துவிட்டு, நாற்பத்திரண்டு பங்கு உள்ளதைக் கையில் திணித்து, இரண்டுக்கும் மக்கள் நலன் என்று பெயர் வைப்பதை.

இரண்டாவது, கலப்படம். கள்ளில் கண்டதையும் கலப்பார்கள், உயிர்போகும் என்பது தடைக்குச் சொல்லப்படும் காரணங்களுள் முதன்மையானது. பொய்யில்லை. கள் சட்டப்படி விற்கப்படும் கேரளத்தில் 2010 செப்டம்பரில் மலப்புரத்தில் நச்சுக் கள் இருபதுக்கு மேற்பட்டோரைக் கொன்றது. அதை மறைத்துவிட்டு வாதாட நான் விரும்பவில்லை. ஆனால் தடை இருக்கும் தமிழ்நாட்டில் நடந்ததைப் பாருங்கள். 2023 மே மாதம் மரக்காணம், மதுராந்தகம் பகுதிகள்; 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியின் கருணாபுரம், அங்கு மட்டும் அறுபத்தைந்து பேருக்கு மேல். கொன்றது பனஞ்சாறு அன்று, தொழிற்சாலைகளில் புழங்கும் மெத்தனால். தடை அதை நிறுத்தவில்லை. கலப்படத்துக்கு மருந்து சோதனையும் தண்டனையும்தானே? பாலில் கலக்கிறார்கள், எண்ணெயில் கலக்கிறார்கள். மாட்டையும் செக்கையும் தடைசெய்து விட்டோமா?

மூன்றாவது மறுப்பு எனக்கு மிகக் கடினமானது. பனையேறுதல் கொடிய உழைப்பு. வழுக்கி விழுந்து முறிந்த இடுப்புகளும் இறந்த உயிர்களும் எண்ணற்றவை. "மரமேறி" என்பதை வசையாக்கி வைத்திருந்த சமூகம் இது. கல்வியும் வணிகமும் வாய்த்தபோது அந்தத் தொழிலை உதறி எழுந்தவர்கள் விடுதலை பெற்றவர்கள். அவர்களைப் பார்த்து மரபைக் காப்பாற்ற மீண்டும் ஏறுங்கள் என்று சொல்ல, நாற்காலியில் அமர்ந்து எழுதும் எனக்கு எந்த உரிமையும் இல்லை. நான் சொல்வது இதுதான்: ஏற விரும்பாதவர் ஏற வேண்டாம். ஏறுபவர் குற்றவாளியாக வேண்டாம். சாதித் தொழிலை ஒழிக்கும் வழி, அதைக் கண்ணியமான ஊதியமும் பாதுகாப்புக் கருவியும் உள்ள, எவரும் வந்து கற்கக்கூடிய தொழிலாக்குவதுதான். அதைச் செய்பவரைக் காவல்நிலையத்தில் உட்காரவைப்பது தீர்வாகாது.

இன்னொரு கூட்டத்தாரிடமும் எனக்குப் பூசல் உண்டு. கள் உணவு, கள் மருந்து, கள் குடித்தால் நோயே வராது, நம் முன்னோர் அனைவரும் அதனால்தான் நூறாண்டு வாழ்ந்தனர் என்று மேடைக்கு மேடை முழங்குபவர்கள். ஐயா, கள் போதை தரும் பானம். புளித்த கள்ளை அளவின்றிக் குடித்தால் ஈரல் கெடும். திருவள்ளுவர் கள்ளுண்ணாமைக்கென்று ஓர் அதிகாரம் ஒதுக்கியது வேலையற்றுப் போய் அல்ல. நல்ல வழக்கைக் கெட்ட சான்றுகளால் வாதாடுபவர் எதிர்த்தரப்புக்கே உதவுகிறார். ஒன்று தீங்கற்றது என்பதால் மட்டுமே அதற்கு வாழும் உரிமை வரவேண்டும் என்றால், அந்த அலமாரியிலுள்ள எந்தப் புட்டிக்கும் அது வாராது. நான் கேட்பது சம நீதி.

*

கேட்பது என்ன என்பதையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். புதிய கடைகள் வேண்டாம். இருப்பவற்றைக் குறைத்துக்கொண்டே வரட்டும். அந்தக் குறைப்பின் ஒரு பகுதியாக, கள்ளுக்கும், அரிசியிலும் கேழ்வரகிலும் வடிக்கும் மென்மதுவுக்கும் சிறு அளவு உரிமம் தரட்டும். சாராயச் சத்துக்கு உச்சவரம்பு வைக்கட்டும். வடித்த வட்டத்துக்கு வெளியே மொத்தமாகக் கொண்டுசெல்லக் கூடாது என்று விதிக்கட்டும். தனியார் ஏலத்துக்கு விடாமல் கூட்டுறவுகளிடம் கொடுக்கட்டும். ஏலம்தான் கலப்படத்தின் தாய். ஜப்பான் ஒரே ஓர் எண்ணை மாற்றியது. நாமும் சட்டப் புத்தகத்தில் சில வரிகளை மாற்றினால் போதும். இலங்கையில் யாழ்ப்பாணத்துப் பனங்கள் புட்டியில் அடைபட்டுக் கடல் கடந்து புலம்பெயர்ந்தோர் கடைகளுக்குப் போகிறது. லண்டன் தமிழன் வாங்கிக் குடிக்கும் பனங்கள்ளை, பனை நிறைந்த ஏரிக்கரையில் நிற்கும் நான் வாங்க முடியாது.

இதையெல்லாம் ஒரு புட்டி பியருக்காக எழுதினாயா என்று கேட்பீர்கள். ஆம், ஒரு புட்டிக்காகத்தான். வெளியூர் நண்பன் ஒருவன் உன் ஊரில் விளைந்து உன் ஊரில் வடித்தது ஒன்று கொடு என்று கேட்கும்போது, கொடுக்க ஒன்றுமில்லாமல் நிற்பது சிறிய செய்தியாக எனக்குத் தோன்றவில்லை. இந்தச் சாலையில் உலகத்துக்கே கார் செய்து அனுப்புகிறோம். அவற்றின் பெயர்கள் கொரியப் பெயர்கள், ஜப்பானியப் பெயர்கள், பிரெஞ்சுப் பெயர்கள். நம்முடையது உழைப்பு. மாலையில் அந்த உழைப்பின் கூலியை வாங்கிக்கொள்ளும் புட்டியிலும் நம் பெயர் இல்லை.

கடைசியில் நண்பனுக்குப் பனைவெல்லம் ஒரு கிலோ வாங்கி வைத்தேன். கூடவே பெரும்பாணாற்றுப்படையின் அந்த எட்டு அடிகளை உரையோடு படியெடுத்து உறையிலிட்டேன். விடுமுறைக்கு வந்தவன் இரண்டையும் எடுத்துக்கொண்டு போனான்.

மூன்று மாதம் கழித்துத் தொலைபேசியில் அழைத்தான். ஜெர்மனியில் 2024 முதல், விற்காமல் தன் வீட்டுப் பயனுக்கென்று ஒருவர் ஆண்டுக்கு 500 லிட்டர் வரை வரியின்றிப் பியர் வடித்துக்கொள்ளலாமாம். அரிசியைக் களியாகத் துழாவி, நெல்முளை கிடைக்காததால் வாற்கோதுமை முளையை இடித்துச் சேர்த்து, சாடியில் இரண்டு பகல் இரண்டு இரவு வைத்து, விரலால் பிழிந்து வடித்துவிட்டான். சுட்ட மீனும் வைத்துக்கொண்டானாம்.

"எப்படி இருக்கிறது?" என்று கேட்டேன்.

"நீராகாரத்துக்கு அண்ணன் மாதிரி இருக்கிறது" என்றான். "புளிப்பு கொஞ்சம் தூக்கல். அடுத்த முறை சரியாக வரும். வரும்போது உனக்கு ஒரு புட்டி கொண்டுவருகிறேன்."

இளந்திரையன் நாட்டுப் பியர் பாம்பெர்க்கிலிருந்து ஒரகடத்துக்கு வரப்போகிறது. அதுவரை காத்திருக்கிறேன்.